பெயர் சொல்லாமல் விட்ட தண்ணீர்

மத்தியானம் பன்னிரண்டு இருபது. ஆடி அமாவாசை. கொக்கிளாய்ப் பக்கமிருந்து முல்லைத்தீவுக்கு வரும் வீதி... ஒரு பக்கம் பற்றைக்காடு, மற்றப் பக்கம் உப்புநீர்க் களப்பு. முன்னால் ஒரு வாகனம் இல்லை. பின்னாலும் இல்லை. காலையிலிருந்து மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்த சோளகக் காற்றுக்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

அந்த வீதியில் ஒருத்தி தனியே ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள்.

பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சிப் பொழுதும் அதற்குத் தோதான நேரம்தான். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். எது ஆள், எது ஆளில்லை என்று நிழலை வைத்துச் சொல்ல முடியாது.

கிட்ட வாருங்கள். கரண்ட் இனி விடியத்தான் வரும். யன்னலைச் சாத்த வேண்டாம், வெக்கையில் செத்துப்போவோம். சுரேகா, அலுமாரிக்கு மேலிருந்த போத்தலையா எடுத்தாய்? அது பிரேமிளாவினது... சரி, குடித்துவிட்டாய். இனி என்ன. அவள் இரவு வேலைக்குப் போய்விட்டாள், காலையில்தான் விடுதிக்கு வருவாள். இந்தக் கதையும் அவளுடையதுதான். அவளுடைய பெரியம்மா மகள் சுதர்சினிக்கு இந்த ஆடியில் நடந்தது.

சுதர்சினிக்கு முப்பத்திரண்டு வயது. முரசுமோட்டையில் வீடு. பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை. பாலை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாளென்றால் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். யாரும் அவளை ஏய்க்க முடியாது. பேய், பிசாசு என்று கதை கட்டுகிற ஆளும் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

களப்போரம் ஒரு வளைவு. அதைத் தாண்டினாள். அப்போதுதான் ஸ்கூட்டியின் பின்பக்கம் கீழே அமிழ்ந்தது.

காற்றுப் போன டயர் அப்படி அமிழாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்... அப்படி. ஹாண்டில் லேசாக ஆடியது. என்ஜின் ஒருமுறை முக்கியது. பிறகு அந்தக் கனத்தோடு மெல்ல ஓடத் தொடங்கியது.

திரும்பிப் பார்க்கத் தலை பாதி போய்விட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பார்க்கக்கூடாது. செத்தவர்களுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறவர்கள் தங்கள் வீட்டு வேலிப் படலை வரைக்கும் திரும்பிப் பார்க்கக்கூடாது.

அவள் எங்கே போய் யாருக்குத் தண்ணீர் விட்டாள் என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

களப்புக் கரையில் எள்ளுத்துறை என்று ஓர் இடம். அங்கே ஒரு பழைய சிவன் கோயில். திருவிழாப் பார்க்க அங்கே யாரும் போவதில்லை. செத்தவர்களுக்காகத்தான் போவார்கள். ஆடி அமாவாசை என்றால் வன்னியில் பாதிப்பேர் அங்கேதான் நிற்பார்கள். தகப்பனை இழந்தவர்கள் களப்பில் முழுகி, ஈரத்தோடு தெற்குப் பார்த்து இருந்து, எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். முன்பு ஆண்பிள்ளைகள் மட்டும்தான் இருந்து செய்வது. இப்போது பெண்களும் இருக்கிறார்கள். எத்தனை வீட்டில் ஆண்பிள்ளை மிச்சம்?

சுதர்சினியின் தகப்பன் பெயர் இளையதம்பி. பதினைந்து வருடத்துக்கு முன், சண்டையின் கடைசி நாட்களில், தறப்பாள் கூரைக்குக் கீழே பங்கருக்குள் இவள் காய்ச்சலோடு கிடந்தாள். பதினேழு வயது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. “அப்பா, தண்ணி” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவர் மஞ்சள் தண்ணீர்க் கானை எடுத்தார். மூடி எங்கோ தொலைந்துவிட்டது. தாய் விமலேஸ்வரி தன் சேலையின் பச்சைக் கரையில் ஒரு துண்டைக் கிழித்து, கானின் வாயைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கொடுத்தார். அதைக் கையில் சுற்றிக்கொண்டு, “பொறு குஞ்சு, கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்... வரவில்லை. செத்ததைப் பார்த்த ஆளும் இல்லை. உயிரோடு பார்த்த ஆளும் இல்லை.

பதினைந்து வருடமாக விமலேஸ்வரி பொட்டை அழிக்கவில்லை. படலைக்குப் பூட்டுப் போட விட்டதில்லை. ஒவ்வொரு பின்னேரமும் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு, படலையடிக் கல்லில் கொண்டுபோய் வைப்பார். விடாயோடு, தொண்டை வறண்டு வருகிற மனுசன் என்று. தகப்பனைப் பற்றி மகளுக்கும் ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். “கொப்பரைச் செத்தவர் எண்டு உன்ர வாயால சொன்னியெண்டால், அண்டைக்கே நானும் செத்தன் எண்டு வைச்சுக்கொள்.”

இந்த ஆடி பிறந்ததும் சுதர்சினிக்குக் கனவு வரத் தொடங்கியது. ஒரே கனவு. தகப்பன் படலைக்கு வெளியே நிற்கிறார். உதடு வெடித்திருக்கிறது. கையில் மஞ்சள் கான். வெறும் கான்.

பக்கத்து வீட்டு வடிவம்மாவிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார். “தண்ணி கேக்கிறார் பிள்ளை. கொம்மாவுக்கு மூச்சு விட்டிடாதை. எள்ளுத்துறைக்குப் போய் மூண்டு கை தண்ணி விட்டிட்டு வா.”

முல்லைத்தீவில் பயிற்சி வகுப்பு என்று தாய்க்குப் பொய் சொல்லிவிட்டு, விடியப்புறம் ஸ்கூட்டியில் வெளிக்கிட்டாள்.

கோயிலில் கால் வைக்க இடமில்லை. வரிசை வரிசையாக வாழையிலை. இலையில் தர்ப்பை, பச்சையரிசி, எள். பக்கத்தில் சட்டியில் தண்ணீர். சுதர்சினி முழுகின ஈரம் சொட்டச் சொட்ட நடு வரிசையில் இருந்தாள். விரலில் தர்ப்பை மோதிரம் இறுக்கியது.

“தகப்பன்ர பேரை வாய்விட்டுச் சொல்லித் தண்ணி விடுங்கோ,” என்றார் குருக்கள் ஒலிபெருக்கியில். “பேர் சொல்லாமல் விடப்படாது. பேரில்லாத தண்ணிக்கு விடாய்ச்சவை ஆரும் வருவினம்.”

சுற்றிவரப் பெயர்கள் கேட்டன. கந்தசாமி... மரியாம்பிள்ளை... செல்லையா... ஆம், கிறிஸ்தவ வேதக்காரர் பெயர்கூடக் கேட்டது. சாவு அங்கே எல்லாரையும் ஒரே பந்தியில் இருத்தியிருந்தது. சுதர்சினியும் கையில் தண்ணீரை அள்ளினாள். வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. சொன்னால் முடிந்தது. சொன்னால் அவர் செத்தவர். அம்மாவின் பொட்டு கண்ணுக்குள் வந்து நின்றது.

“விடுங்கோ, விடுங்கோ” என்று குருக்கள் அவசரப்படுத்தினார். கை தானாகச் சாய்ந்தது.

“அப்பாவுக்கு,” என்றாள்.

மூன்று தரமும் அதுதான். “அப்பாவுக்கு... அப்பாவுக்கு...” பெயர் சொல்லவில்லை. மற்றவர்களின் தண்ணீர் இலையில் தேங்கி நின்றது. இவளுடைய இலையில் மட்டும் நிற்கவில்லை. மணலுக்குக் கீழே யாரோ வாய் வைத்து இழுத்ததுபோல, சர்ரென்று போய்விட்டது.

அந்த மண்ணில் எத்தனை அப்பாக்கள் கிடக்கிறார்கள் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

இப்போது வீதிக்கு வாருங்கள். பின்னால் கனம். திரும்ப முடியாது. களப்புச் சேற்று மணம் மூக்கில் ஏறியது. அதோடு எரிந்த ஓலை மணம். முதுகில் ஒரு குளிர்... நனைந்த சட்டையோடு யாரோ ஒட்டியிருப்பதுபோல.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள். கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வெறும் வீதி. இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

ஒரு முழங்கால். சேறு காய்ந்து வெடித்த முழங்கால்.

கத்தவில்லை. கத்தினால் ஸ்கூட்டியோடு களப்புக்குள் போய்விடுவாள் என்று தெரியும். இடது கையால் அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளிவிட்டாள். தேவாரம் சொல்லப் பார்த்தாள். முதல் வரிக்கு மேல் நினைவு வரவில்லை.

முல்லைத்தீவைத் தாண்டி வட்டுவாகல் பாலம். பாலத்தில் ஏறினதும் ஸ்கூட்டி இன்னொருமுறை அமிழ்ந்தது. பாலம் முடிய முதல் இன்னொருமுறை. புதுக்குடியிருப்புக்கு வரமுன் எத்தனை தரம் என்று தெரியவில்லை. நாற்பதில் ஓடின ஸ்கூட்டி இருபதில் ஊர்ந்தது. சைக்கிளில் போன ஒரு பையன் அவளை முந்திப் போனான். முந்தும்போது திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் முகம் வெளிறி, சைக்கிளை உன்னி உன்னி மிதித்துக்கொண்டு போனான். அவன் என்னத்தைக் கண்டான் என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வர நாலு மணி. படலையில் தாய் நின்றார்.

“ஏன் பிள்ளை இவ்வளவு மெல்லமா வாறாய்?” என்று கேட்டவர், மகளுக்குப் பின்னால் பார்த்தார். “ஆரையும் ஏத்திக்கொண்டு வந்தனியே?”

படலைக்குள் வந்தாயிற்று. இனித் திரும்பலாம். திரும்பினாள். ஒருவரும் இல்லை. ஆனால் பின்னால் இருப்பவர் கால் வைக்கிற கம்பி இரண்டும் விரிந்து கிடந்தன. காலையில் மடித்துத்தான் இருந்தன. இரண்டிலும் ஈரச் சேறு.

சுரேகா, இன்னும் குடிக்கிறாயா... சரி, வெக்கைதான்.

அன்றைக்குப் பொழுதுபட்டு விளக்கு வைத்த நேரம். வீட்டு நாய் குரைக்கவில்லை. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. படலை கிரீச்சிட்டது. பிறகு ஒரு சத்தம். வெறும் கான் காலில் இடிபட நடந்தால் வருமே... டொக்... டொக்... டொக்...

“பிள்ளை... தண்ணி இருக்கோ?”

ஆம்பிளைக் குரல். வறண்ட குரல். விமலேஸ்வரி துள்ளி எழும்பினார். “கொப்பர்!”

“இல்லை அம்மா. அப்பான்ர குரல் இல்லை. இருங்கோ!” சுதர்சினி தாயைப் பிடித்து இருத்தினாள். அது உண்மைதான். இளையதம்பிக்கு அடித்தொண்டைக் குரல். இது யாரோ இளம் ஆள். யன்னல் நீக்கலால் பார்த்தாள். முற்றத்தில் ஒருவரும் இல்லை. காலையில் பார்த்தால், படலையடிச் செம்பு வெறுமையாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. நக்கித் துடைத்துவிட்டதுபோல.

அடுத்த நாள் வேறு குரல். கிழக் குரல். அதற்கு அடுத்த நாள் இரண்டு குரல்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். “பிள்ளை... தண்ணி இருக்கோ?” ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. பிள்ளை, பிள்ளை... அவ்வளவுதான். பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள். பெயர் தெரியாதவர்கள் வந்தார்கள்.

சுதர்சினி தாழ்ப்பாளைப் பிடித்தபடி கதவடியில் இருப்பாள். தாய்க்குப் பயமில்லை. அதுதான் பெரிய பயம்.

“ஆரோ பெத்த தகப்பன்தானே. ஒரு வாய் தண்ணி குடுத்தால் என்ன?” என்பார். இரண்டு செம்பு வைத்தார். பிறகு வாளி வைத்தார். பிறகு குடம். ஆவணி வெயிலில் கிணறு அடிமண் தெரிகிற காலம். எல்லாவற்றையும் காலையில் துடைத்த மாதிரித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

இருபத்திரண்டாம் நாள், பால் நிலையத்திலிருந்து சுதர்சினி வர மைமல் இருட்டாகிவிட்டது. வீடு திறந்து கிடந்தது. தாயைக் காணவில்லை. செம்பையும் காணவில்லை.

வாய்க்கால் கரையால் ஓடினாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடி மாதமாகிறது, கரை முழுக்கப் புழுதி. தூரத்தில் தாய் போய்க்கொண்டிருந்தார். தனியே. ஆனால் கதைத்துக்கொண்டு. “ஓம்... ஓம்... அவ்வளவு தூரமோ? பறவாயில்லை, நான் நடப்பன்.”

“அம்மா! எங்கை போறீங்கள்?”

“விடு பிள்ளை.” கையை உதறினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பதினைந்து வருடத்தில் மகள் அதைப் பார்த்ததில்லை. “இவைக்குக் கொப்பர் நிக்கிற இடம் தெரியுமாம். கூட்டிக்கொண்டு போகினமாம்.”

“எவை அம்மா?”

“முன்னுக்குப் போகினம்தானே.”

சுதர்சினி முன்னால் பார்த்தாள். ஆளில்லை. புழுதியில் ஈரத் தடங்கள் மட்டும். வெறுங்கால் தடங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று விழுந்தது... அதற்கு முன்னால் ஒன்று... பிறகு நின்றன.

நின்ற இடத்திலேயே புழுதி மெல்ல அரைபட்டது. தடங்களின் விரல்கள் இவள் பக்கம் திரும்பின.

தாயை இழுத்துக்கொண்டு எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அன்றிலிருந்து இரவில் தாயின் சேலைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் கண்ணயர்ந்தாள். தகப்பனை ஒருமுறை தண்ணீருக்கு அனுப்பிப் பறிகொடுத்தவள். தாயையும் விட்டுவிட முடியுமா?

மறுநாள் தாயை வடிவம்மாவிடம் விட்டுவிட்டு, எள்ளுத்துறைக்குப் போய்க் குருக்களின் காலடியில் இருந்து நடந்ததைச் சொன்னாள். கோயில் வெறிச்சோடிக் கிடந்தது. அவர் தர்ப்பையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு ஆரின்ர பேர் சொன்னனீங்கள்?”

“பேர் சொல்லேல்லை ஐயா. அப்பாவுக்கு எண்டு மட்டும்...”

குருக்களின் கை நின்றது. “எல்லாரும் ஆரோ ஒரு பிள்ளைக்கு அப்பாதானே. கேட்டவை எல்லாம் வந்திட்டினம். அவையிலும் பிழை சொல்ல ஏலாது பிள்ளை, விடாய்.” தர்ப்பையைக் கீழே வைத்தார். “வாற அமாவாசைக்கு வாங்கோ. அந்தத் தண்ணி ஆருக்கோ, அவரின்ர பேரைச் சொல்லி விடுங்கோ. சொன்னால் அது அவருக்குத்தான் போகும். மற்றவை விலகிடுவினம்.”

“அவர் உயிரோடை இருந்தால் ஐயா?”

குருக்கள் மீண்டும் தர்ப்பையை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

ஆவணி அமாவாசை. கூட்டமில்லை. களப்பில் முழுகி, இலைக்கு முன்னால் இருந்தாள். இந்த முறை அழுதாள். அடக்கவில்லை, விட்டு அழுதாள். தாய் உயிரோடு வேண்டும். அதற்குத் தகப்பனைக் கொடுக்கவேண்டும். கையில் தண்ணீரை அள்ளினாள்.

“முருகேசு இளையதம்பி,” என்றாள்.

“முருகேசு இளையதம்பி. முருகேசு இளையதம்பி.”

தண்ணீர் இலையில் விழுந்து, எள்ளோடு அப்படியே தேங்கி நின்றது. எல்லாருடைய தண்ணீரையும் போல.

திரும்பி வரும்போது ஸ்கூட்டி காற்றாகப் பறந்தது. வட்டுவாகல் பாலத்தில் ஒரு தடக்கு இல்லை. வீட்டுக்கு வந்தாள். பொழுதுபட்டது. விளக்கு வைத்தாள். நாய் முற்றத்தில் நின்று அடுத்த வீட்டுப் பூனையைப் பார்த்துக் குரைத்தது. அந்தக் குரைப்பைக் கேட்க அவளுக்கு உயிர் வந்தது. ஏழரை ஆனது. எட்டு ஆனது. எந்தக் குரலும் இல்லை. தாயின் சேலைத் தலைப்பு மணிக்கட்டில் முடிந்தபடி, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

அப்போது நாயின் குரைப்பு நின்றுவிட்டது.

படலைக் கட்டையில் இரண்டு தட்டு. டொக், டொக். பாரமான சத்தம். வெறும் கான் இல்லை, நிறைகான். தண்ணீர் தளும்புவதும் கேட்டது.

“சுதாக்குஞ்சு... கானைப் பிடி. கை உழையுது.”

அடித்தொண்டைக் குரல்.

அப்படி அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். தாய் எழும்பிவிட்டார். சேலைத் தலைப்பு இறுகியது.

“திற பிள்ளை. இது அவர். இது அவரேதான்.”

“இல்லை அம்மா...”

“சுதாக்குஞ்சு...” இப்போது முற்றத்தில் கேட்டது. “கை உழையுது அம்மாச்சி.”

தாய் இழுத்தார். மகள் விடவில்லை. மணிக்கட்டில் முடிச்சு அறுத்தது. “திறவடி! பதினைஞ்சு வரியமா நான் இதுக்குத்தானே இருக்கிறன், திற!”

“அவர் செத்திட்டார் அம்மா! இண்டைக்கு நான் எள்ளுத்துறையிலை பேர் சொல்லிப்போட்டன்!”

இழுவை நின்றது. தாய் மகளைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய பொட்டு மட்டும்தான் தெரிந்தது. முகத்தைப் பார்க்க இவளால் முடியவில்லை.

மூன்றாம் தரம் கதவடியில் கேட்டது. மிகக் கிட்ட. பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவதும் கேட்டது.

“குஞ்சு... தண்ணி கேட்டனியெல்லே?”

தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும். அவள் தள்ளவில்லை. பயத்தால்தான் தள்ளவில்லை. வேறு ஒரு காரணமும் சொல்ல முடியாது என்று பிரேமிளாவிடம் அவளே சொன்னாள்.

தொம். கனமான ஒன்றை வாசலில் வைத்த சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. போகிற காலடிகூட இல்லை.

விடிந்ததும் தாய்தான் கதவைத் திறந்தார்.

வாசற்படியில் மஞ்சள் கான் இருந்தது. கழுத்துவரை தண்ணீர். வாய் துணியால் கட்டியிருந்தது. பச்சைக் கரைச் சேலைத் துண்டு. பதினைந்து வருடம் ஆகியும் சாயம் போகவில்லை. படலையிலிருந்து வாசல் வரைக்கும் ஒரே ஓர் ஆளின் ஈரத் தடம் வந்திருந்தது. வந்த தடம் மட்டும்தான்.

விமலேஸ்வரி அந்தத் துணியை அவிழ்த்தார். முகர்ந்து பார்த்தார். இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவிவிட்டு வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. பதினைந்து வருடத்தில் அந்த நெற்றியை மகள் வெறுமையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் அழவில்லை. ஏசவில்லை. குசினிக்குள் போய் ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துவந்து, கானைச் சாய்த்து, நிறைய ஊற்றி நீட்டினார்.

“குடி.”

“அம்மா...”

“நீ கேட்டது. கொப்பர் உனக்கெண்டுதான் கொண்டு வந்தவர். குடி.”

சுதர்சினி குவளையை வாங்கினாள். கை பழக்கத்தில் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்தது. பாலில் தண்ணீர் பார்க்கிறவள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

அடியில் கறுப்பாகக் கிடந்தன. எள். நேற்று அவள் விட்ட எள்.

அவர் அந்தத் தண்ணீரை ஏற்றுக்கொண்டதைக் காட்டினாரா... நான் இன்னும் சாகவில்லை என்று திருப்பித் தந்துவிட்டுப் போனாரா? அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. தாய் பார்த்துக்கொண்டே நின்றார். குடித்தாள். கரித்தது. களப்பு மணம். இளஞ்சூடு... இவ்வளவு நேரமும் யாரோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்ததுபோல.

அதற்குப் பிறகு அந்தப் படலைக்கு யாரும் வருவதில்லை. தாயும் செம்பு வைப்பதில்லை. மகளோடு அதிகம் கதைப்பதும் இல்லை. போன கிழமை பிரேமிளா அங்கே போய்விட்டு வந்தாள். கான் குசினி மூலையில் இருக்கிறதாம். ஆவணியிலிருந்து தாயும் மகளும் அதில்தான் குடிக்கிறார்கள். சோறு உலை வைப்பதும் அதில்தான். கிணற்றுத் தண்ணீரைப் பெரியம்மா தொட விடுவதில்லையாம். கானில் தண்ணீர் இன்னும் கழுத்துவரை அப்படியே நிற்கிறதாம்.

வெளிக்கிடும்போது பெரியம்மா ஒரு போத்தலில் ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லப் பயம். வழியில் ஊற்றிவிடவும் பயம். கொண்டுவந்து அந்த அலுமாரிக்கு மேல் வைத்தாள். யாரும் எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று இருந்தவள்... மறந்துபோய் வேலைக்குப் போய்விட்டாள்.

சுரேகா. கதை தொடங்கினதிலிருந்து குடித்துக்கொண்டுதானே இருக்கிறாய்?

போன் வெளிச்சத்தைப் போத்தலுக்குப் பிடித்துப் பார். எவ்வளவு குறைந்திருக்கிறது?